முதல் சிங்கிள் கிரெய்ன் பாட்டில்: நீலக் குப்பியா, முப்பது வயதுப் பீப்பாயா?

"மால்ட் விஸ்கி ஓரளவு பழகிவிட்டது. சிங்கிள் கிரெய்ன் ஒன்று வாங்கிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். எதை வாங்க?"

இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. கேட்பவர் பெரும்பாலும் கடைக்குப் போய்க் குழம்பித் திரும்பியவராக இருப்பார். ஒரு அலமாரியில் அழகான நீலக் குப்பி, விலையும் கையைக் கடிக்காது. பக்கத்து அலமாரியில் கேள்விப்பட்டே இராத ஒரு ஊரின் பெயர், அதன் கீழே 30 என்றோ 35 என்றோ வயது, விலை நூறு பவுண்டுக்கு மேல். இரண்டிலும் ‘சிங்கிள் கிரெய்ன் ஸ்காட்ச் விஸ்கி’ என்றுதான் அச்சடித்திருக்கிறது. ஆனால் உள்ளே இருப்பவை இரண்டும் ஒரே குடும்பம் என்று சொன்னால் நாக்கு நம்பாது.

நான் தொடங்கியதே தப்பான பாட்டிலில்தான். மலிவாகக் கிடைத்தது என்று ஒரு இளம் கிரெய்னை வாங்கினேன்; பெயர் வேண்டாம். மூடியைத் திறந்ததும் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் நெடி. இரண்டு கிளாஸ் குடித்துவிட்டு மிச்சத்தை சோடாவில் கலந்தே தீர்த்தேன். அதோடு கிரெய்ன் பக்கம் இரண்டு வருடம் தலைவைத்துப் படுக்கவில்லை. பிறகு கிளாஸ்கோவில் ஒரு நண்பன் வீட்டில், பாட்டிலைக் காட்டாமல் ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்து "இது என்ன, சொல்லு பார்ப்போம்" என்றான். தேங்காய் பர்பி, நெய்யில் வதக்கிய நேந்திரம்பழம், அடியில் கொஞ்சம் பழைய மர அலமாரி. நல்ல ரம் என்று சொல்லிவிட்டேன். ஸ்காட்லாந்தின் இன்வர்கார்டன் டிஸ்டில்லரியில் வடித்த, முப்பது வயதைத் தாண்டிய விஸ்கி அது. சிங்கிள் கிரெய்ன்.

இதில் வாங்கும் முடிவு ஏன் மால்ட்டைவிடக் கடினம் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

## பெயரில் என்ன இருக்கிறது

‘சிங்கிள்’ என்றால் ஒரே டிஸ்டில்லரியில் வடித்தது. ஒரே தானியம் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள், இல்லை. ஸ்காட்ச் விஸ்கிக்கான 2009-ஆம் ஆண்டு விதிகளின்படி, முளைகட்டிய பார்லியை மட்டும் வைத்து, செம்புக் கொப்பரைகளில் தொகுதி தொகுதியாக வடித்தால் அது மால்ட். அந்த இரண்டு நிபந்தனையில் ஒன்று தவறினாலும் போய் விழும் கூடைக்குப் பெயர்தான் கிரெய்ன். நடைமுறையில் அது பெரும்பாலும் கோதுமை அல்லது மக்காச்சோளம். மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகளுக்காகக் கொஞ்சம் முளைகட்டிய பார்லியும் சேரும்.

வடிப்பது, கோபுரம்போல் உயர்ந்து நிற்கும் தொடர் வடிகலனில். ஸ்காட்லாந்தில் ராபர்ட் ஸ்டைன் 1820-களின் இறுதியில் இதன் முன்னோடியைச் செய்தார். 1830-ல் அதைவிடத் திறமையான ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கியவர் ஏனியஸ் காஃபி என்ற அயர்லாந்துக்காரர். அதனால்தான் இன்றும் அதைக் ‘காஃபி ஸ்டில்’ என்கிறார்கள், காபிக் கொட்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவர் வேலை பார்த்தது சாராய வரித் துறையில். வரி வசூலிக்கப் போனவர் சாராயம் காய்ச்சுவதையே மாற்றிவிட்டுப் போனார்.

கொப்பரையில் இரண்டாம் முறை வடித்து வருவது சுமார் 70 சதவீத ஆல்கஹால். தொடர் வடிகலனில் அது 94 சதவீதத்தைத் தொடும், விதிப்படி 94.8-க்குக் கீழே இருக்க வேண்டும். வலு ஏற ஏறத் தானியத்தின் குணம் கழன்றுபோகும். மிஞ்சுவது லேசான, இனிப்புச் சாயல் கொண்ட ஒரு சாராயம். அதற்கு முகம் வரைவது பீப்பாய்தான். முகம் வரைய நேரம் வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவதெல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் கிளைவிடுகிறது.

கிரெய்னுக்கு மட்டமான பெயர் ஒட்டிக்கொண்டது பழைய கதை. 1905-ல் லண்டனின் இஸ்லிங்டன் நகர நிர்வாகம், கிரெய்ன் கலந்ததை விஸ்கி என்று விற்றதற்காகச் சில மதுக்கடைக்காரர்கள் மேல் வழக்குப் போட்டு ஜெயித்தது. கடைசியில் ராயல் கமிஷன் என்ற அரசு விசாரணைக் குழு உட்கார்ந்து, 1909-ல் இதுவும் விஸ்கிதான் என்று தீர்ப்புச் சொன்னது. இருந்தாலும் ‘கலப்படச் சரக்கு’ என்ற எண்ணம் முழுக்கப் போகவில்லை. வாங்குகிறவருக்கு இதனால் ஒரு லாபம் உண்டு, கீழே வருகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

வயதும் பீப்பாயும் முதலில். மூன்று வருடம் ஓக் பீப்பாயில் இருந்தாலே சட்டப்படி ஸ்காட்ச் ஆகிவிடும். ஆனால் கிரெய்ன் பெரும்பாலும், மால்ட்டோடு சேர்த்துச் செய்யும் கலவை விஸ்கிக்காக வடிக்கப்படுவதால், ஏற்கெனவே பலமுறை பயன்பட்டுக் களைத்த பீப்பாயில் போய்ச் சேரும். களைத்த பீப்பாய் மெதுவாகத்தான் வேலை செய்யும். ஆகவே லேபிளில் வயது இல்லையென்றால், பீப்பாயைப் பற்றியாவது ஏதாவது சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள்: போர்பன் என்ற அமெரிக்க விஸ்கியைப் புதிதாகக் காலிசெய்த பீப்பாயா, ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயின் இருந்த பீப்பாயா. இரண்டும் இல்லாவிட்டால் நீங்கள் வாங்குவது குப்பியை.

அடுத்தது வலு. குறைந்தபட்சம் 40 சதவீதம். லேசான சாராயத்துக்கு 40 மெலிவு. 46-க்கு மேல் போனால்தான் உடம்பு தெரிகிறது. இதில் ஒரு கணக்கும் இருக்கிறது. 55 சதவீதத்தில் அடைத்த 70 சென்டிலிட்டர் பாட்டிலைத் தண்ணீர் விட்டு 46-க்கு இறக்கினால் கிட்டத்தட்ட 84 சென்டிலிட்டர் கிடைக்கும். விலையை ஒப்பிடும்போது இதை யாரும் சேர்ப்பதில்லை.

அப்புறம், பிடித்துப்போனால் மறுபடி கிடைக்குமா என்பது. ஒற்றைப் பீப்பாய்ப் பாட்டில்களில் இதுதான் பெரிய வலி.

கடைசியாக, எதற்காக வாங்குகிறீர்கள்? தனியாக உட்கார்ந்து முகர்ந்து குடிக்கவா, நாலு பேர் வரும்போது சோடாவோடு ஊற்றவா? நேர்மையாகப் பதில் சொல்லிக்கொண்டால் பாதித் தேர்வு முடிந்துவிடும்.

| தேர்வு | வலு | வயது | மறுபடி கிடைக்குமா | யாருக்கு |
|---|---|---|---|---|
| ஹெய்க் கிளப் | 40% | சொல்வதில்லை | எளிதாக | சோடா, காக்டெயில், பரிசு |
| லாக் லோமண்ட் சிங்கிள் கிரெய்ன் | 46% | சொல்வதில்லை | எளிதாக | முதல் பாட்டில் |
| தனியார் அடைப்பாளர்களின் ஒற்றைப் பீப்பாய் | பெரும்பாலும் 45–60% | 20 முதல் 40-க்கு மேல் | கிடைக்காது | மாதிரி குடித்து ஊர்ஜிதம் செய்தவருக்கு |
| மூடிய டிஸ்டில்லரிகள் | பாட்டிலுக்குப் பாட்டில் | பெரும்பாலும் மிக முதிர்ந்தது | கிடைக்காது | சேகரிப்பவருக்கு |
| ரை வகை | 46%-ஐ ஒட்டி | இளமை | ஓரளவு | காரம் தேடுபவருக்கு |

## ஹெய்க் கிளப்: நீலக் குப்பி

ஃபைஃப் பகுதியில் உள்ள கேமரன்பிரிட்ஜில் வடிப்பது இது. 1824-ல் ஜான் ஹெய்க் தொடங்கிய டிஸ்டில்லரி, இன்று ஸ்காட்லாந்தின் மிகப் பெரிய கிரெய்ன் டிஸ்டில்லரி. டியாஜியோ என்ற பெரிய மதுபான நிறுவனத்தின் வசம் இருக்கிறது. விஸ்கியோடு ஜின்னுக்கும் வோட்காவுக்குமான சாராயமும் இங்கிருந்தே போகிறது. 2014-ல் டேவிட் பெக்கமைக் கூட்டாளியாக்கி, வாசனைத் திரவியக் குப்பி போன்ற நீலச் சதுரத்தில் அடைத்து இறக்கினார்கள். ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். கால்பந்து வீரர் வைத்திருந்தால் உள்ளே ஒன்றும் இருக்காது என்ற எண்ணம்.

அது கொஞ்சம் அநியாயம். வெனிலா, பட்டர்ஸ்காட்ச், லேசாகத் தேங்காய், எரிச்சல் இல்லை. குறை என்னவென்றால் முகர்ந்தபோது வந்தது வாயில் நிற்காது. விழுங்கிய அரை நிமிடத்தில் ஆள் காணாமல் போய்விடும். அதனால்தான் சோடாவோடு நன்றாக இருக்கிறது: சோடா குமிழிகள் வாசனையைத் தூக்கிவிடும், நீளமான முடிவு யாருக்கும் தேவைப்படாது.

மறைந்திருக்கும் செலவு என்றால், கிரெய்ன் என்றாலே இவ்வளவுதான் என்ற முடிவுக்கு நீங்கள் வந்துவிடலாம். நான் வந்த மாதிரி. விருந்துக்கு வாங்குங்கள், பரிசாகக் கொடுங்கள். கிரெய்ன் எப்படி இருக்கும் என்று அறிய இதை வாங்காதீர்கள்.

## லாக் லோமண்ட்: விதியால் கிரெய்ன் ஆனது

அலெக்ஸாண்ட்ரியா என்ற சிற்றூரில் இருக்கிறது இந்த டிஸ்டில்லரி. மால்ட், கிரெய்ன் இரண்டையும் ஒரே வளாகத்தில் வடிக்கும் அரிதான இடம். இவர்களுடைய சிங்கிள் கிரெய்னில் கோதுமையும் இல்லை, மக்காச்சோளமும் இல்லை. முழுக்க முளைகட்டிய பார்லி. அப்படியானால் மால்ட் என்று போடலாமே? போட முடியாது. வடிப்பது காஃபி ஸ்டில்லில். செம்புக் கொப்பரை இல்லை என்ற ஒரே காரணத்துக்காக 2009 விதிகள் இதைக் கிரெய்ன் கூடைக்குள் தள்ளிவிட்டன.

மால்ட் குடித்துப் பழகியவருக்கு இதைவிட நல்ல பாலம் கிடையாது. பார்லியின் தானிய மணம் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. மேலே எலுமிச்சைத் தோல், அன்னாசி, வெண்ணெய் பிஸ்கட். 46 சதவீதத்தில் அடைக்கிறார்கள், குளிரூட்டி வடிகட்டுவதில்லை. அதனால் வாயில் கொஞ்சம் வழுவழுப்பு நிற்கிறது. பிரிட்டனில் முப்பது பவுண்டை ஒட்டிக் கிடைக்கும்.

இதன் குறையும் அதன் பலத்திலிருந்தே வருகிறது. கோதுமையோ சோளமோ பல பத்தாண்டு பீப்பாயில் கிடந்து எடுக்கும் அந்தத் தேங்காய்-வெல்லப்பாகு குணத்தை இது உங்களுக்குக் காட்டாது. இதைக் குடித்துவிட்டு ‘கிரெய்ன் தெரியும்’ என்று சொன்னால், கொல்லைக் கதவு வழியாக வீட்டைப் பார்த்த மாதிரி. இருந்தாலும் முதல் பாட்டில் எது என்று ஒரே வார்த்தையில் கேட்டால் என் பதில் இதுதான்.

## முதிர்ந்த ஒற்றைப் பீப்பாய்

இங்கேதான் நான் நின்று பேச விரும்புகிறேன்.

ஸ்காட்லாந்தில் சொந்தமாக டிஸ்டில்லரி வைத்துத்தான் விஸ்கி விற்க வேண்டும் என்றில்லை. பிறர் வடித்த பீப்பாயை வாங்கி, தன் பெயரில் அடைத்து விற்கும் வணிகர்கள் உண்டு; தனியார் அடைப்பாளர்கள் என்பது இவர்களைத்தான். கேடன்ஹெட் 1842-லிருந்து இருக்கிறது; சிக்னடரி, டக்ளஸ் லேங், டங்கன் டெய்லர் எல்லாம் இந்த வகை. டிஸ்டில்லரிக்காரர்கள் தங்கள் கிரெய்னை டாங்கர் லாரிகளில் கலவைக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில், அதைத் தனியாகக் குடிக்கலாம் என்று காட்டியதில் இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

லேபிளில் அடிக்கடி வரும் பெயர்கள் நாலைந்துதான். வடக்கே குரோமார்ட்டி கடற்கழி ஓரம் இன்வர்கார்டன்: தேங்காயும் டாஃபியும். எடின்பரோவில் 1885-ல் தொடங்கிய நார்த் பிரிட்டிஷ்: மற்றவர்கள் 1980-களில் கோதுமைக்கு மாறியபோதும் மக்காச்சோளத்தை விடாதவர்கள். அதில் ஒரு வெண்ணெய்ப் பொரி வாசனை வரும். அயர்ஷயரில் 1963-ல் கட்டிய கர்வன்: சுத்தமான, கொஞ்சம் அடக்கமான குணம். கிளாஸ்கோவின் கோர்பல்ஸில் ஸ்ட்ராத்கிளைட்: முரட்டுத்தனம் கொஞ்சம் இருக்கும், இருபது வருடம் ஆனாலும் சில பீப்பாய்களில் அந்த நெடி விலகாது. இவற்றில் எனக்குப் பிடித்தது இன்வர்கார்டன். நம் ஊர்ச் செய்தித்தாள் படிப்பவருக்கு ஒரு உபரித் தகவல்: 2007-லிருந்து 2014 வரை இந்த டிஸ்டில்லரி விஜய் மல்லையாவின் யுனைடெட் ஸ்பிரிட்ஸ் கையில் இருந்தது. வைட் அண்ட் மக்கை நிறுவனத்தை வாங்கியபோது இதுவும் கூடவே வந்தது. பிறகு பிலிப்பைன்ஸின் எம்பெரடோர் வாங்கிக்கொண்டது.

மேலே சொன்ன லாபம் இதுதான்: மட்டம் என்ற பெயர் இருப்பதால், முப்பது வயதுக் கிரெய்னின் விலை அதே வயது மால்ட்டின் விலையில் சிறு பங்குதான். பீப்பாயிலிருந்து வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிப் போகிறது என்பது அங்கே பொதுவாகச் சொல்லும் கணக்கு. முப்பது வருடத்தில் நாற்பது சதவீதத்துக்கு மேல் காற்றில் போய்விடும். மிச்சமிருப்பதை இந்த விலைக்குத் தருகிறார்கள் என்றால், பெயர் கெட்டதால் மட்டும்தான்.

இனி மறைந்திருக்கும் செலவுகள்.

ஒற்றைப் பீப்பாய் என்றால் சில நூறு பாட்டில், அவ்வளவுதான். பிடித்துப்போய் அடுத்த மாதம் தேடினால் இருக்காது. அதே டிஸ்டில்லரி, அதே வயது, பக்கத்துப் பீப்பாய்கூட வேறு மாதிரி இருக்கும். வயது மட்டும் உத்தரவாதம் இல்லை என்பதும் உண்டு. ரொம்பக் களைத்த பீப்பாயில் முப்பது வருடம் தூங்கிய கிரெய்ன், முப்பது வயதுக் குழந்தையாகவே எழுந்து வரும். நிறம் வைக்கோல்போல வெளிறியிருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். கிரெய்னில் நிறம் கொஞ்சம் பேசும். ஆனால் கேரமல் நிறம் சேர்க்க விதி அனுமதிப்பதால், சேர்க்கவில்லை என்று லேபிள் சொல்லும் பாட்டில்களில் மட்டும் அந்தப் பேச்சை நம்பலாம்.

அதனால் நூறு, நூற்றைம்பது பவுண்டைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்காதீர்கள். பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் பல கடைகள் 3 சென்டிலிட்டர் மாதிரிக் குப்பிகளாக விற்கின்றன. மில்லிக்குக் கணக்குப் பார்த்தால் பாட்டிலைவிட விலை கூடுதல்தான். ஆனால் மூன்று மாதிரி வாங்கினாலும் ஒரு தப்பான பாட்டிலின் செலவு ஆகாது.

## மூடிய டிஸ்டில்லரிகள்

கார்ஸ்பிரிட்ஜ் 1983-ல், எடின்பரோவின் கலடோனியன் 1988-ல், கேம்பஸ் 1993-ல், டம்பார்ட்டன் 2002-ல், கிளாஸ்கோவின் போர்ட் டண்டாஸ் 2010-ல் மூடியவை. கேம்பஸ் வளாகத்தில் இப்போது பீப்பாய்ப் பட்டறை நடக்கிறது. டியாஜியோ தன் ஆண்டுச் சிறப்பு வெளியீடுகளில் 40 வயதுக் கேம்பஸையும் 52 வயதுப் போர்ட் டண்டாஸையும் அடைத்து விற்றிருக்கிறது.

குடிக்க அருமையானவை இருக்கின்றன. ஆனால் ‘இனி வராது’ என்பதற்கும் சேர்த்துத்தான் விலை. உயிரோடு இருக்கும் இன்வர்கார்டன் பாதி விலையில் அதே இன்பத்தைத் தரும்போது, முதல் பாட்டிலுக்கு இந்தப் பக்கம் போக வேண்டியதில்லை. ஒரு விதிவிலக்கு: போர்ட் டண்டாஸ். மற்றவற்றுக்குப் பிறகு மூடியதால் தனியார் அடைப்பாளர்களிடம் இன்னும் நியாயமான விலையில் தென்படுகிறது.

## ரை

ரை என்பது கோதுமைக்கு உறவான ஒரு தானியம். ஸ்காட்ச் விதிகளில் ரை விஸ்கிக்குத் தனிப் பிரிவு இல்லை. ஆகவே ஸ்காட்லாந்தில் ரை வடித்தாலும் லேபிளில் சிங்கிள் கிரெய்ன்தான். அங்கஸ் கடலோரத்தின் ஆர்பிக்கி, ஃபைஃபின் இன்ச்டெர்னி இரண்டும் இதைச் செய்கின்றன. இன்ச்டெர்னியின் ‘ரைலா’ பாதிக்கு மேல் முளைகட்டிய ரை, மிச்சம் முளைகட்டிய பார்லி. மிளகு, கிராம்பு, கொஞ்சம் ரை ரொட்டி. இளமையாக இருந்தாலும் சப்பென்று இல்லை, ஏனென்றால் தானியமே பேசுகிறது. சிங்கிள் கிரெய்ன் இனிப்பாக மட்டும்தான் இருக்கும் என்பவருக்கு இதை ஊற்றிக் கொடுங்கள். நீங்கள் தேடுவது அந்த மெல்லிய இனிப்பைத்தான் என்றால் இது உங்களுக்கு இல்லை.

போகிற போக்கில் ஒன்று: காம்பஸ் பாக்ஸ் என்ற விஸ்கிக் கலவை நிறுவனத்தின் ‘ஹீடனிசம்’ பற்றியும் கேட்கிறார்கள். 2000-த்தில் அதன் நிறுவனர் ஜான் கிளேசர் கொண்டுவந்தது, 43 சதவீதம். அது சிங்கிள் கிரெய்ன் இல்லை. பல டிஸ்டில்லரிகளின் கிரெய்னை மட்டும் கலந்த பிளெண்டட் கிரெய்ன். அறுபது பவுண்டுக்கு மேல் போகும். ஆனால் முதிர்ந்த கிரெய்னின் குணத்தை மறுபடி மறுபடி வாங்கக்கூடிய வடிவில் தருவது இதுதான். ‘சிங்கிள்’ என்ற சொல் உங்களுக்கு முக்கியமில்லையென்றால் என் இரண்டாவது பாட்டில் இது.

## இந்தியாவுக்குள் வாங்குபவருக்கு

ஸ்காட்ச் மேல் இறக்குமதி வரி அதிகம் என்பதால் மேலே சொன்ன பவுண்டுக் கணக்கெல்லாம் இங்கே செல்லாது. 2025 ஜூலையில் கையெழுத்தான இந்திய-பிரிட்டன் ஒப்பந்தப்படி, அப்போது 150 சதவீதமாக இருந்த அந்த வரி முதலில் 75 ஆகவும், பத்தாண்டில் 40 ஆகவும் இறங்க வேண்டும். மாநில வரி அதன்மேல் தனி. வெளிநாடு போய்த் திரும்பும்போது ஒருவருக்கு 2 லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டுவரலாம். அந்த இரண்டு லிட்டரில் ஒரு இடத்தை 40 சதவீதப் பாட்டிலுக்குக் கொடுப்பதா, 55-க்குக் கொடுப்பதா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

## குடித்துப் பார்க்கும் விதம்

லாக் லோமண்ட் ஒரு பாட்டில், இன்வர்கார்டன் மாதிரி ஒன்று, நார்த் பிரிட்டிஷ் மாதிரி ஒன்று. இந்த மூன்றும் இருந்தால் ஒரு மாலைக்குப் போதும். வாய் குறுகிய துலிப் கிளாஸ். கரிப்புகை மணக்கும் ஐலா தீவு மால்ட்டை அன்றைக்கு எடுக்காதீர்கள். அதற்குப் பின்னால் கிரெய்ன் வெறும் தண்ணீர்தான். ஊற்றியதும் முகராமல் பத்து நிமிடம் விட்டுவைத்தால் அந்த நகப்பூச்சு நெடி பெரும்பாலும் பறந்துவிடும். வலு கூடியதற்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். லேசான சாராயம் சட்டென்று நீர்த்துப்போகும், ஒரு கரண்டிகூட அதிகம். வரிசை இளையதிலிருந்து முதிர்ந்தது.

பாட்டில் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டால் வருடக்கணக்கில் வைக்காதீர்கள். என் அனுபவத்தில் மால்ட்டைவிடக் கிரெய்ன் சீக்கிரம் சோர்ந்துவிடுகிறது. சின்னக் குப்பிக்கு மாற்றலாம், அல்லது நண்பர்களைக் கூப்பிடலாம்.

அன்றிரவு கிளாஸ்களைக் கழுவாமல் விட்டுவிட்டு, காலையில் காபிக்கு முன்னால் ஒவ்வொன்றாக முகர்ந்து பாருங்கள். இளையதில் அநேகமாக ஒன்றும் இருக்காது. முதிர்ந்ததின் கிளாஸில் அந்தத் தேங்காயும் மரமும் அப்படியே உட்கார்ந்திருக்கும். பெரிய பாட்டிலாக எந்த மாதிரியை வாங்குவது என்று நான் முடிவுசெய்வது அந்த நேரத்தில்தான்.